தஞ்சாவூரில் சின்சில்லாவுக்குத் தரமான தீவனம்: ஒரு கடையைப் பற்றிய மதிப்புரை

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் உள்ள செல்லப்பிராணிக் கடை, சென்ற ஆண்டிலிருந்து சின்சில்லா என்னும், அடர்ந்த மென்மயிர் கொண்ட சிறு கொறிவிலங்குக்கான தரமான தீவனத்தை வரவழைத்து விற்று வருகிறது. டெல்டாவின் கடைகளில் நாய், பூனை, மீன், லவ் பேர்ட்ஸ் ஆகியவற்றுக்குரிய பொருள்களே அலமாரிகளை நிறைத்திருக்கும். முயலுக்கும் கினி பிக்குக்கும் ஒரு மூலை கிடைத்தால் அதுவே பெரிது. சின்சில்லா வளர்ப்போர் இந்த வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருக்கிறார்கள். அந்தச் சிலருக்காக ஒரு கடைக்காரர் முதல் போட்டு, மெதுவாக விற்கும் சரக்கை வாங்கி வைப்பது எளிய செயல் அன்று என்பதாலும், அவர் வாங்கி வைத்திருக்கும் சரக்கு உண்மையிலேயே நல்ல சரக்கு என்பதாலும் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இதற்கு முன் நம் பக்கத்தில் சின்சில்லா தீவனம் என்று விற்கப்பட்டது பெரும்பாலும் ஒரு கலவையே. சூரியகாந்தி விதை, உடைத்த மக்காச்சோளம், நிலக்கடலை, உலர்திராட்சை, சிவப்பும் பச்சையுமாக நிறமேற்றிய உருண்டைகள் ஆகியவற்றை ஒன்றாகக் கலந்து, கண்ணைப் பறிக்கும் உறையில் அடைத்து, ஹாம்ஸ்டர், கினி பிக், சின்சில்லா என்று மூன்றின் படத்தையும் அதன் மேல் அச்சிட்டிருப்பார்கள். மூன்றும் கொறிவிலங்குகள்தாம் என்றாலும், ஹாம்ஸ்டருக்கு விதை ஏற்ற உணவு. சின்சில்லாவுக்கு அது கேடு.

அந்தக் கேட்டின் காரணத்தைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கடையின் சரக்குக்கு உரிய மதிப்பு விளங்கும். சின்சில்லா தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரைச் சேர்ந்தது. 1923-இல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் சிலி நாட்டிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்ற 11 விலங்குகளின் வழிவந்தவையே இன்று வீடுகளில் வளரும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை. மழை குறைந்த, வறண்ட மலைச்சரிவில் முரட்டுப் புல்லையும் புதர்ச்செடிகளையும் தின்று வாழ்வதற்கென்றே அதன் உடல் அமைந்திருக்கிறது. அதன் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த புல்லை நெடுநேரம் அரைத்தால்தான் கடைவாய்ப் பற்கள் உரிய அளவில் தேயும். பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பை போன்ற பகுதியில் நுண்ணுயிர்கள் அந்த நாரை நொதிக்கச் செய்து சத்தாக மாற்றுகின்றன. அங்கே நாருக்குப் பதிலாகச் சர்க்கரையும் மாவுச்சத்தும் போய்ச் சேர்ந்தால் வாயு பெருகி வயிறு உப்பிவிடும். சின்சில்லாவால் வாந்தி எடுக்க இயலாது. ஆகவே தவறான உணவு உள்ளே போனபின் அது வெளியேற எளிய வழியில்லை.

இக்கடை இப்போது முதன்மையாக வைத்திருப்பது டிமோத்தி என்னும் புல்லின் உலர்தீவனம். ஒரு பொட்டலத்தைப் பிரித்து மேசையில் பரப்பிப் பார்த்தேன். தண்டுகள் வெளிறிய பச்சை நிறத்தில், ஒடித்தால் சட்டென்று முறியும் பதத்தில் இருந்தன. இடையிடையே பூனைவால் போன்ற கதிர்களும் அகன்ற இலைகளும் கலந்திருந்தன. அடியில் தங்கிய தூள் ஒரு கைப்பிடிக்கும் குறைவு. முகர்ந்தபோது வெயிலில் காய்ந்த புல்லின் இனிய மணம் வந்ததே தவிர, புழுங்கிய நெடி சிறிதும் இல்லை. பழுப்பேறிய, தூசி நிறைந்த புல்லைச் சின்சில்லா பெரும்பாலும் ஒதுக்கிவிடும் என்பதால், நிறமும் மணமும் இங்கே வெறும் அழகு சார்ந்தவை அல்ல.

வயல் சூழ்ந்த ஊரில் புல்லை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்விதான். குறுவையும் சம்பாவும் அறுத்த பின் வைக்கோலுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் நெல் வைக்கோலில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா மிகுதி, புரதம் மிகக் குறைவு. மாட்டின் நான்கு அறை வயிறு அதைச் சமாளிக்கும், அரைக் கிலோ எடையுள்ள சின்சில்லாவுக்கு அது நாள்தோறும் தின்னும் உணவாகாது. கறவை மாட்டுக்காகப் பயிரிடப்படும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில், சுண்ணாம்புச் சத்து உடலில் சேராமல் தடுக்கும் ஆக்சலேட் மிகுதி. குதிரைமசால் என்னும் பயறுவகைத் தீவனச்செடியில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல் என்பதால் குட்டிகளுக்கும் சினையாக இருப்பவற்றுக்கும் அது உதவும். வளர்ந்த விலங்குக்கு முழுநேர உணவாக அதையே கொடுப்பது நல்லதன்று. கடைக்காரர் குதிரைமசாலையும் சிறு பொட்டலமாக வைத்திருக்கிறார். யாருக்கு என்று கேட்டுத்தான் அதை எடுத்துக் கொடுக்கிறார்.

பெல்லட், அதாவது தூளாக அரைத்து அழுத்திச் செய்த தீவனத் துண்டு, விஷயத்திலும் நல்ல தேர்வையே காண்கிறேன். ஒரே நிறம், ஒரே வடிவம். விதையோ பழமோ கலக்கவில்லை. உறையின் பின்புறத்தில் உள்ள பட்டியலில் முதல் பொருளாகப் புல் தூளே குறிப்பிடப்பட்டிருக்கிறது, நார்ச்சத்து 20 விழுக்காட்டைத் தாண்டுகிறது, கொழுப்பு 4 விழுக்காட்டுக்குள் நிற்கிறது. ஒரே மாதிரியான பெல்லட்டால் ஒரு பெரிய நன்மை உண்டு: இனிப்பானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்க விலங்குக்கு வழியில்லாமல் போகிறது. வளர்ந்த சின்சில்லா ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி பெல்லட் போதும். மீதி வயிறு புல்லால்தான் நிறைய வேண்டும்.

இந்தக் கடையை நான் பெரிதும் மதிப்பது சரக்கைப் பேணும் முறைக்காக. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவின் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அப்பளமே நமத்துப்போகும் அந்த நாள்களில் உலர்புல்லைத் திறந்து வைத்தால் மிக விரைவில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த தீவனத்தில் உண்டாகும் நச்சு கல்லீரலைக் கெடுக்கும். இக்கடையில் புல் பொட்டலங்கள் தரையிலும் இல்லை, சுவரை ஒட்டியும் இல்லை. மீன் தொட்டிகள் இருக்கும் பகுதியிலிருந்து விலகிய தனி அறையில், மரச்சட்டத்தின் மேல் அடுக்கப்பட்டிருக்கின்றன. பெல்லட் உறைகள் மூடியுள்ள பெட்டிகளுக்குள் இருக்கின்றன. முன்பு வந்த சரக்கை முன்னால் வைத்து, புதிதாக வந்ததைப் பின்னால் தள்ளும் ஒழுங்கும் தென்படுகிறது. நான் எடுத்துப் பார்த்த எந்த உறையிலும் காலாவதித் தேதி நெருங்கியிருக்கவில்லை.

கடைக்காரர் விற்பதற்கு முன் கேட்கும் கேள்விகள் அவர் பொறுப்பை உணர்ந்தவர் என்பதைக் காட்டுகின்றன. மன்னார்குடியிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் உலர்திராட்சை கேட்டபோது அவர் சொன்னதை அருகிலிருந்து கேட்டேன்: “திராட்சை வேணாங்கக்கா, வயிறு ஊதிக்கும். புல்லு எந்நேரமும் கூண்டுக்குள்ள இருக்கட்டும்.” அந்தப் பெண்மணி, “அது புல்லைத் தொடவே மாட்டேங்குதே தம்பி?” என்றார். “கலவையில நல்லதாப் பொறுக்கித் தின்னு பழகிருச்சு. பழைய தீனியோட புது பெல்லட்டக் கொஞ்சம் கொஞ்சமாச் சேத்துக் குடுங்க, ரெண்டு வாரம் ஆவட்டும். திடீர்னு மாத்தாதீங்க. தாடை ஈரமா இருந்தாலோ, புழுக்கை சிறுத்துப் போனாலோ ஒரத்தநாட்டுக்குக் கொண்டு போயிருங்க.” ஒரத்தநாட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை அவர் குறிப்பிட்டார். தாடை நனைந்திருப்பது பல் மிகையாக வளர்ந்திருப்பதன் அறிகுறியாகவும், புழுக்கை சிறுத்தும் குறைந்தும் போவது குடல் இயக்கம் தளர்ந்திருப்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதை அறிந்தே அவர் பேசுகிறார். அஜீரண மருந்து என்று ஏதோ ஒரு புட்டியை விற்று அனுப்பாமல், மருத்துவரிடம் போகச் சொன்ன அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவர் சின்சில்லாவை விற்பதில்லை. 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அது தவிக்கத் தொடங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் ஏ.சி. இல்லாத வீட்டில் அதை வைத்துக்கொள்வது கொடுமை என்பதால் அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இவ்வளவு தெளிவாகப் பேசும் அதே கடையின் கல்லாப்பெட்டிக்கு அருகில், தேன் தடவிய விதைக் குச்சிகளும் தயிர்ச் சுவையூட்டிய இனிப்பு வில்லைகளும் தொங்குகின்றன. அவற்றின் உறையில் சின்சில்லா படமும் இருக்கிறது. ஹாம்ஸ்டர் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. அப்படியானால் அவற்றை ஹாம்ஸ்டர் பகுதிக்கு மாற்றி, சின்சில்லாவுக்கு ஏற்றதன்று என்று தமிழில் ஒரு சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். கடைக்காரர் இல்லாத நேரத்தில் வரும் வாடிக்கையாளர் அந்தப் படத்தை நம்பித்தான் வாங்குவார். தீவன உறைகளில் உள்ள விவரம் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால், நாளொன்றுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதையேனும் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் பலருக்கு உதவும். சரக்கு வருவதில் தடங்கலும் உண்டு. டிமோத்தி புல் தீர்ந்துபோய், அடுத்த வரத்துக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்த காலமும் இருந்தது. சின்சில்லா தன் மயிரைச் சுத்தம் செய்துகொள்ளப் புரளும் மண்குளியலுக்கு வேண்டிய மெல்லிய தூள் இன்னும் இங்கே கிடைப்பதில்லை.

விலை அதிகம். கிலோ கணக்கில் பார்த்தால் நாம் உண்ணும் நல்ல பொன்னி அரிசியைவிடப் பல மடங்கு வருகிறது. இணையத்தில் சற்று மலிவாகக் கிடைக்கக்கூடும். ஆனால் அங்கே கூரியர் செலவு சேரும், பொட்டலம் நசுங்கிப் புல் தூளாகி வரும் வாய்ப்பும் உண்டு, முகர்ந்து பார்த்து வாங்க வழியில்லை. பெல்லட் குறைவாகவே செலவாகும் என்பதால் ஓர் உறை நெடுநாள் வரும். புல்லுக்குத்தான் செலவு தொடரும். அந்தச் செலவைக் குறைக்க விதைக் கலவைக்குத் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல் மருத்துவத்துக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டிய நிலை வந்தால், அது பணத்துக்கும் கேடு, விலங்கின் உயிருக்கும் ஆபத்து.

கும்பகோணம், திருவாரூர், பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து செல்பவர்கள் தொலைபேசியில் இருப்பைக் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. மழைக்காலத்தில் பெரிய பொட்டலத்தை வாங்காமல் சிறியதையே வாங்குங்கள். திறந்ததும் பெல்லட்டைக் காற்றுப் புகாத டப்பாவிலும், புல்லைப் பருத்தித் துணிப்பையில் இட்டு ஏ.சி. ஓடும் அறையிலும் வையுங்கள். பொட்டலத்தைக் கடையிலேயே பிரித்து முகர்ந்து பார்க்கக் கடைக்காரர் தடை சொல்வதில்லை. பணம் கொடுக்கும் முன் அதைச் செய்துவிடுங்கள்.