இருபது வயதில் முதிர்ந்த கிட்டார்: 'கிங்ஃபிஷ்' இசைத்தொகுப்பு

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸ் இசையின் கிட்டாரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பட்டவனுக்குத்தான் அது வரும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முகத்தில் சுருக்கமும் குரலில் கரகரப்பும் ஏறாத ஒருவர் எவ்வளவு திறமையாக வாசித்தாலும் அவர் விரல்வித்தைக்காரர் மட்டுமே என்பது அவர்கள் தீர்ப்பு. சிகாகோவின் அலிகேட்டர் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 2019 மே மாதத்தில் வெளியிட்ட 'கிங்ஃபிஷ்' என்ற தொகுப்பை, அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்கும் எண்ணத்தோடுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். இதில் பாடி, கிட்டாரும் வாசித்திருக்கும் கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்ரமுக்கு அப்போது வயது 20.

இங்ரம் மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் ஊரில் பிறந்தவர். ப்ளூஸ் முன்னோடிகளில் ஒருவரான மடி வாட்டர்ஸ் வாழ்ந்த ஸ்டோவல் பருத்திப் பண்ணை அந்த ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. வாட்டர்ஸ் குடியிருந்த மரவீட்டில் எஞ்சிய பகுதியை ஊரிலுள்ள டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதே அருங்காட்சியகம் பிள்ளைகளுக்கு நடத்தும் இசை வகுப்பில் சேர்ந்துதான் சிறுவன் இங்ரம் கற்றுக்கொண்டார். பருத்திக் காட்டில் பிறந்த இசையை அருங்காட்சியகத்தில் போய்க் கற்பதா என்று யாரும் முகம் சுளிக்கலாம். எனக்கு அதில் குறை தெரியவில்லை. வாசிப்பவரின் எதிரில் உட்கார்ந்து, அவர் விரலைப் பார்த்து, காதால் பிடித்துக் கற்பது எந்தக் கூரையின் கீழ் நடந்தாலும் குருகுலம்தான்.

தொகுப்பின் 12 பாடல்களில் என்னை அதிகநேரம் நிறுத்தி வைத்தது இரண்டாவதான 'ஃப்ரெஷ் அவுட்'. இதில் இங்ரமோடு சேர்ந்திருப்பவர், 1936-இல் லூசியானாவில் பிறந்து 1957-இல் சிகாகோவுக்கு வந்து சேர்ந்த மூத்த ப்ளூஸ் கிட்டார்க் கலைஞர் பட்டி கய். இருவருக்கும் இடையில் 62 ஆண்டுகள். தாத்தாவும் பேரனும் என்றே சொல்லிவிடலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், பொறுமையிழந்த இளைஞர் பட்டி கய்தான் என்று தோன்றும். அவர் சுரங்களைத் திடீரென்று வீசுகிறார், பாதியில் விட்டுவிடுகிறார், பிறகு எதிர்பாராத இடத்தில் ஒரே சுரத்தை அலறவைக்கிறார். இங்ரமின் ஒலி கனமானது, உருண்டு திரண்டது. சொல்ல வந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் மூச்சு வாங்குகிறது. வயதைக் கொண்டு முதிர்ச்சியை அளக்க நினைப்பவருக்கு இந்த ஒரு பாடலே போதிய இடைஞ்சலைத் தரும்.

அப்படியானால் ப்ளூஸின் உண்மைத்தன்மை எங்கே இருக்கிறது? ப்ளூஸ் பாட்டின் ஒரு சுற்றான பன்னிரண்டு தாள அளவுகளையும், கார்டு எனப்படும் சுரக்கூட்டுகள் மூன்றையும் யார் வேண்டுமானாலும் ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். கடினமானது, நம் கர்நாடக இசையின் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் நிலையாக உட்காராமல் நிற்கும் அந்தச் சுரத்தைத் தந்தியை விரலால் தள்ளி எட்டுவதுதான். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இராது. எவ்வளவு தூரம் தள்ளுவது, எப்போது விடுவது, விட்டபின் எவ்வளவு நேரம் சும்மா இருப்பது என்பதில்தான் ஆள் தெரிகிறார். தம் உறவினரான ப்ளூஸ் கலைஞர் புக்கா வைட் தந்திமேல் சறுக்கி வாசித்த ஸ்லைடு ஒலி தமக்குக் கைவராததால், அதை விரல் நடுக்கத்தால் போலச்செய்யப் போய்த் தம் தனி முத்திரையைக் கண்டெடுத்தார் புகழ்பெற்ற ப்ளூஸ் கிட்டார்க் கலைஞர் பி.பி. கிங். மூத்தவரை அப்படியே நகலெடுக்க முடியாமற்போன இடத்தில் அவர் பிறந்தார் என்று கொள்ளலாம். இங்ரமின் விரல் அதிர்விலும் கிங்கின் சாயல் தெரிகிறது. ஆயினும் பாட்டின் ஒரு வரிக்குக் கிட்டார் மறுமொழி சொல்லும்போது, அந்த மறுமொழி அவர் குரலின் கனத்திலேயே வருகிறது. குரலும் தந்தியும் ஒரே ஆளுடையவை என்று நம்பவைப்பதே எனக்குப் போதுமான சான்று.

முதியவர்களின் வாசிப்பு மட்டுமே அசல் என்பவர்கள் மறந்துவிடுகிற சங்கதி ஒன்று உண்டு. பட்டி கய் இளைஞராகச் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் பதிவு செய்த காலத்தில், மேடையில் அவர் எழுப்பிய இரைச்சல் கலந்த ஒலியை வெறும் சத்தம் என்று ஒதுக்கியவர் அதன் அதிபர் லியோனார்டு செஸ். 1958-இல் மடி வாட்டர்ஸ் மின்கிட்டாரோடு இங்கிலாந்துக்குப் போனபோது, நாட்டுப்புற இசையை எதிர்பார்த்து வந்த சிலர் திகைத்துப்போனார்கள். அதை மனத்தில் வைத்து 1963-இல் அவர் மின்சாரமில்லாத கிட்டாரை எடுத்துச் சென்றால், அதற்குள் அங்கே மின்கிட்டாரைக் கேட்கும் ஆசை வந்துவிட்டிருந்தது. பாவம், மனிதர் என்னதான் செய்வார்!

இத்தொகுப்பு குறையற்றதன்று. பட்டி கய்க்கும் தொகுப்புகள் தயாரித்த டாம் ஹாம்பிரிட்ஜ்தான் இதற்கும் தயாரிப்பாளர் என்பதாலோ என்னவோ, ராக் பக்கம் சாயும் பாடல்களில் ஒலி அளவுக்கு மீறி மெருகேறி, விளிம்புகள் மழுங்கிவிட்டிருக்கின்றன. தொடக்கப் பாடலான 'அவுட்சைடு ஆஃப் திஸ் டவுன்' அவற்றுள் ஒன்று. அது வேகமாக ஓடுகிறது, ஆனால் பின்னர் நினைவில் தங்குவதில்லை. சில இடங்களில் ஒரு சுற்றுக்கு முன்பே தனிவாசிப்பை முடித்திருக்கலாம்.

இந்தத் தொகுப்பு கிராமி விருதின் மரபு ப்ளூஸ் பிரிவில் பரிந்துரை பெற்றது. அடுத்து 2021-இல் வந்த, வட மிசிசிப்பியின் தொலைபேசிக் குறியெண்ணைத் தலைப்பாகக் கொண்ட '662', சமகால ப்ளூஸ் பிரிவில் விருதையே வென்றது. இரண்டு ஆண்டுகளில் ஒருவர் மரபிலிருந்து சமகாலத்துக்குக் குடிபெயர்ந்தது எப்படி என்பது, பிரிவுகளை வகுத்தவர்களுக்கே வெளிச்சம்.

வாங்குவதற்கு முன் ஒரு பாடலை மட்டும் கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் நான்காவதான 'பீன் ஹியர் பிஃபோர்' என்பதைக் கேட்கலாம். மின்கிட்டாரின் முழக்கம் இல்லாத இந்தப் பாடலில், தம் வயதுக்கு மீறிய பழைமை தமக்குள் இருப்பதை இங்ரம் தாமே பாடுகிறார். இது பிடித்தால் முழுத் தொகுப்பையும் தாராளமாக வாங்கலாம். பிடிக்காவிட்டால் மற்றப் பதினொன்றும் உங்கள் மனத்தை மாற்றும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.