பின்பால் போர்டுக்கு நைலான் கிளிப்பா, பித்தளைத் தூணா?

பழைய பின்பால் மெஷின் (இரும்புக் குண்டை ஃபிளிப்பர் கைகளால் தட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டி) வாங்கியவர்கள் கேட்பது இதுதான்: "ஏனுங்க, தலைப்பெட்டிக்குள்ள போர்டு ஆடுது, எதைப் போடறது?" தலைப்பெட்டி என்பது மெஷினின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் பெட்டி. அதற்குள் சர்க்யூட் போர்டைத் தாங்கிப் பிடிப்பவைதான் இந்தக் கிளிப்பும் தூணும்.

விலை: நைலான் கிளிப் மலிவு. பித்தளைத் தூண் கொஞ்சம் கூடுதல். கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறையில் துண்டுக் கம்பி கொடுத்தால் வேண்டிய உயரத்துக்குக் கடைந்து தருவார்கள்.

உழைப்பு: இங்கேதான் வித்தியாசம். 1970களின் கடைசியில் வந்த மெஷினில் நைலான் காய்ந்து, விரல் பட்டாலே பட்டென்று ஒடியும். ஃபிளிப்பரை இழுக்கும் மின்சுருள் அடிக்க அடிக்க அதிர்வு வேறு. ஒரு முறை நான் போர்டை இழுத்தபோது இரண்டு கிளிப்பின் தலை துளைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஊசிமூக்குக் குறடால் நோண்டி எடுத்தேன். பித்தளை அசையாது. ஆனால் திருகை அளவுக்கு மீறி முறுக்கிவிட்டால் போர்டில் விரிசல்தான்.

சுலபம்: கிளிப் அழுத்தினால் போதும். தூணுக்கு மரை பார்க்க வேண்டும். அமெரிக்க மெஷின்களில் அங்குல மரை, நம்ம கடையில் கிடைப்பது எம்3, அதாவது 3 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஏறாது.

எர்த்: சில போர்டுகளில் திருகுத்துளையைச் சுற்றிய வளையம் எர்த்தோடு இணைந்திருக்கும். அங்கே உலோகமே வேண்டும். துளை ஓரமாகவே மின்சாரம் போகும் வேறு செப்புத் தடம் ஓடினால் பித்தளை ஷார்ட் ஆக்கிவிடும், அங்கே நைலான்.

அடிக்கடி கழற்றும் போர்டு, கனமான பவர் சப்ளை இரண்டுக்கும் பித்தளை. லேசான சின்ன போர்டா, சரி, புது நைலான் கிளிப்பே போதும். பழையதை மட்டும் திரும்ப மாட்டாதீர்கள்.