பட்டன் இருக்கிறது, டயர் இல்லை: கோவில்பட்டியில் அப்பா காருக்கு டயர் மாற்றிய அனுபவம்

ஊரில் அப்பா அம்மா கார் வைத்திருந்து, அது மாதத்தில் நாலைந்து நாள் மட்டும் வெளியே போகிற கார் என்றால், அடுத்த முறை போகும்போது கொஞ்சம் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். பட்டனை, அதாவது தரையில் படுகிற ரப்பர் மேடுகளைப் பார்க்காதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கும், அதுதான் பிரச்சினையே.

எங்கள் வீட்டில் இருப்பது 2012 மாடல் ஐ10. கோவிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, எப்போதாவது கல்யாண வீட்டுக்கு என்று ஓடியதில் கிலோமீட்டர் முப்பதாயிரத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. மற்ற நேரமெல்லாம் தகர ஷெட்டுக்குள் நிற்கும், மதியத்துக்கு மேல் ஒரு பக்கம் வெயில் நேராக விழும். நான் இங்கிலாந்திலிருந்து வருகிறேன் என்றதும் மதுரை விமான நிலையத்துக்கே காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவதாக அப்பா சொன்னார், வேண்டாம் என்று சொல்லி வாடகைக் காரில் போய்ச் சேர்ந்தேன். காரணம், போன தடவை வீடியோ காலில் அம்மா ஷெட்டைக் காட்டியபோதே டயரில் கோடு கோடாக ஏதோ தெரிந்தது.

போனதும் மொபைல் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் உட்கார்ந்தேன். வெயில் படுகிற பக்கம் இரண்டு டயரிலும், ரிம்மை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு, காய்ந்த கண்மாய்த் தரை மாதிரி வெடிப்பு. நகத்தால் அழுத்தினால் ரப்பர் அமுங்காமல் கெட்டியாக இருந்தது, பட்டன்களுக்கு நடுவே பள்ளத்துக்குள்ளும் மெல்லிய கீறல்கள் ஓடின. தயாரிப்புத் தேதி வெளிப்பக்கம் இல்லை. பல டயர்களில் அது ஒரு பக்கம்தான் அச்சாகியிருக்கும், மாட்டுகிறவர் அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளி மாட்டிவிட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். நானும் படுத்தேன். டிஓடி என்று ஆரம்பிக்கும் எழுத்துகளின் கடைசியில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், அதில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். எங்களுடையது 3816. 2016ஆம் ஆண்டின் 38ஆவது வாரம், அதாவது அந்த வருஷத்துச் செப்டம்பர்.

அப்பாவிடம் சொன்னேன். "ஓடாத டயருல்லா, அது எப்படிப் போகும்? பட்டன் அப்படியே கெடக்கு பாரு" என்றார். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரிதான் தோன்றும். ஆனால் ரப்பர் விஷயத்தில் ஓடாமல் நிற்பதுதான் கெடுதல். காற்றில் இருக்கும் ஓசோனும் வெயிலும் ரப்பரைத் தின்னாமல் இருக்க, டயர் செய்யும்போதே அதற்குள் மெழுகும் வேறு சில ரசாயனங்களும் கலக்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் நசுங்கி விரிந்து நசுங்கி விரிந்து அந்தச் சரக்கு மேலே கசிந்து ஒரு படலமாக நிற்கும். நிறுத்தியே வைத்திருந்தால் கசிவு நின்று, மேல்தோல் காய்ந்து வெடிக்கிறது. போதாததற்கு நிற்கிற வண்டியில் காற்று மெதுவாக இறங்கும், இறங்கின டயரில் பக்கவாட்டு இன்னும் அதிகமாக மடங்கும், அப்படியே நாலுவழிச் சாலையில் ஏறி ஒரு மணி நேரம் நூறில் போனால் சூடு ஏறி வெடிக்கலாம். மே மாதம் கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குப் போகிற சாலையின் சூட்டை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், நான் இருக்கிற நாட்டில் இதே பேச்சு வருஷக்கணக்கில் நடந்தது. 2012 செப்டம்பரில் ஒரு இசை விழா முடிந்து திரும்பிக்கொண்டிருந்த பேருந்து சர்ரே பக்கம் மரத்தில் மோதி, ஓட்டுநரும் இரண்டு இளம் பயணிகளும் இறந்தார்கள். முன் டயர் வெடித்ததுதான் காரணம். அந்த டயருக்குப் பட்டன் சட்டப்படி போதுமான அளவு இருந்தது, வயது மட்டும் பத்தொன்பது. இறந்த பையனின் அம்மா விடாமல் போராடினார், கடைசியில் 2021 பிப்ரவரியிலிருந்து லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டயர் போடக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. கார்களுக்கு இன்றைக்கும் அங்கே வயது வரம்பு கிடையாது, வருஷாந்திரச் சோதனையில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருக்கிறதா, டயருக்குள் இருக்கும் நூல் தெரிகிற வெட்டு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இந்தியாவிலும் அதே 1.6 மில்லிமீட்டர்தான் கணக்கு. ஆக, நம் ஷெட்டில் நிற்கிற டயரை எந்தச் சட்டமும் வந்து பிடிக்காது. மிஷெலின் மாதிரிக் கம்பெனிகள் சொல்வது, ஐந்து வருஷம் ஓடிய பிறகு வருஷா வருஷம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பத்து வருஷத்தில் மாற்றிவிடுங்கள் என்று. அந்தப் பத்து கூட நம்மூர் வெயிலுக்குத் தாராளம் என்பது என் கருத்து.

சரி, சர்வீஸ் சென்டர், பஞ்சர் கடை, டயர்க் கடை என்று நான் பார்த்த சேவைகளுக்கு வருகிறேன்.

வருஷா வருஷம் அப்பா வண்டியைக் கொடுக்கிற சர்வீஸ் சென்டர் ஒன்று இருக்கிறது, பெயர் வேண்டாம். நான் போவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அங்கே சர்வீஸ் முடிந்து வந்திருந்தது. பில்லோடு ஒரு சோதனைத் தாள், அதில் டயருக்கு நேரே நாலு பச்சை டிக். வண்டி வெளியே வரும்போது டயர்கள் கறுகறுவென்று மின்னினவாம், அப்பாவுக்கு அதில் ரொம்பத் திருப்தி. டயர் பாலிஷ் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குத் தனியாகக் காசும் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பாலிஷ் சின்ன வெடிப்புகளையெல்லாம் பூசி மெழுகிவிடும், இரண்டு மழை, கொஞ்சம் தூசி ஆனதும் மறுபடி எல்லாம் தெரியும். போன் போட்டுக் கேட்டேன். "பட்டன் எழுபது பர்சென்ட் இருக்கு சார்" என்றார்கள். தேதி பார்த்தீர்களா என்றதற்கு, அது எங்கள் செக்லிஸ்ட்டில் இல்லை என்று பதில். கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை, வைத்துவிட்டேன்.

பின்பக்க இடது டயரில் தினமும் காற்று இறங்கிக்கொண்டிருந்ததால், முதலில் பைபாஸ் பக்கம் இருக்கும் ஒரு பஞ்சர் கடைக்குப் போனேன். ஓலைக் கொட்டகை, ஒரு கம்ப்ரெசர், வாசலில் அடையாளத்துக்குத் தொங்கவிட்ட லாரி டயர். கடைக்கார அண்ணன் காற்றைப் பிடித்துவிட்டுச் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார், பட்டனுக்கு நடுவே ஓரிடத்தில் குமிழ் குமிழாக வந்தது, குறடால் இழுத்ததும் துருப்பிடித்த லாட ஆணித் துண்டு ஒன்று வந்தது. வழக்கமாக இந்த இடத்தில் குத்தூசியை விட்டுக் குடைந்து, பசை தடவின ஸ்ட்ரிப்பைச் சொருகி, மிச்சத்தைப் பிளேடால் அறுத்துவிட்டு நூறோ நூற்றைம்பதோ வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ஐந்து நிமிஷ வேலை. அவசரத்துக்கு அது போதும், நல்ல டயரில் வருஷக்கணக்கில் நிற்கவும் செய்யும். முறையான வேலை வேறு: டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே அடிபட்டிருக்கிறதா என்று பார்த்து, உள்ளிருந்து காளான் வடிவத் துண்டை வைத்து ஒட்டுவது. அதுவும் தரையில் படுகிற பகுதியில், ஆறு மில்லிமீட்டருக்கு மேற்படாத ஓட்டைக்குத்தான். பக்கவாட்டில் ஓட்டை என்றால் ஒட்டுகிற பேச்சே கிடையாது.

இந்த அண்ணன் ஸ்ட்ரிப்பைக் கையில் எடுத்துவிட்டு, பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தி ஒரு தடவை பார்த்தார். "இதுல ஒட்டி உங்க காச வாங்க எனக்கு மனசில்ல தம்பி. இன்னைக்கு இந்த ஓட்டைய அடைச்சிருவேன், நாளைக்குப் பக்கம் பிரிஞ்சா நா என்ன செய்ய? ஊருக்குள்ள ஓட்டுங்க, பைபாஸ்ல ஏறாதீங்க" என்றார். அப்பாவை விடமாட்டேன் என்று கூடவே கூட்டிக்கொண்டு போயிருந்தது நல்லதாகப் போயிற்று, நான் இரண்டு நாளாகச் சொல்லி ஏறாதது கடைக்கார அண்ணன் சொல்லி ஒரே நிமிஷத்தில் ஏறியது. கடைசியில் டயர்க் கடை வரைக்கும் போவதற்கு என்று ஸ்ட்ரிப் போட்டுவிட்டு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். பக்கத்திலேயே இன்னொரு கடையில், டியூப் போட்டுவிடலாம், காற்று இறங்கவே இறங்காது என்று ஒருத்தர் சொன்னார். இதை ஊரில் நிறையப் பேர் செய்கிறார்கள். டியூப்லெஸ் டயருக்குள் டியூபைத் திணித்தால் உள்ளே உரசிச் சூடேறும், ஆணி குத்தினால் டியூப்லெஸ் மாதிரி மெதுவாக இறங்காமல் பட்டென்று இறங்கிவிடும். டயரின் வயதை அது ஒரு நாள் கூடக் குறைக்காது.

அடுத்தது ஏசி போட்ட பெரிய டயர்க் கடை. இங்கே மரியாதைக்குக் குறைவில்லை, டீ வந்தது, அப்பாவுக்கு நாற்காலி வந்தது. 155/80 ஆர்13 அளவு, ஒரு டயர் மூவாயிரத்து ஐந்நூறைத் தொட்டு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் கவனமாக இருங்கள். எம்ஆர்எஃப் சென்னைக் கம்பெனி, அப்போலோவுக்கு ஒரகடத்திலும் மிஷெலினுக்குத் தேர்வாய் கண்டிகையிலும் ஆலை இருக்கிறது, ஆகவே சரக்குக்குப் பஞ்சமான மாநிலம் இல்லை இது. அப்படியிருந்தும் முதலில் உருட்டிக்கொண்டு வந்த நாலில் இரண்டு டயருக்கு இரண்டு வருஷத்துக்கும் மேல் வயது. தேதியைக் காட்டி வேறு கேட்டேன். "எல்லாம் புதுசுதான் சார், ஸ்டிக்கர் பாருங்க" என்றார் பையன். நல்ல குடோனில் நிழலில் வைத்திருந்தால் ஒரு வருஷம் இரண்டு வருஷம் பெரிய குற்றமில்லை என்பதும் உண்மைதான், ஆனால் எங்கள் வண்டி தேய்மானத்தால் இல்லை, வயதால் டயர் மாற்றுகிற வண்டி, எங்களுக்கு மாதக் கணக்கு முக்கியம். கொஞ்சம் முறைத்துக்கொண்டே உள்ளே போய் ஆறு மாதத்துக்குள் வந்த நாலை எடுத்து வந்தார். கேட்டால் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு மட்டும் இப்போது போடலாமா என்று அப்பா கேட்டார். நாலுக்கும் ஒரே வயது என்பதால் எங்களுக்கு அந்தக் கேள்வி இல்லை. உங்களுக்கு இரண்டுதான் என்றால், புதுசு இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். கடையில் முன்னால்தான் போடுவேன் என்பார்கள், எஞ்சின் முன்னால் இருக்கிறது, இழுப்பது முன் சக்கரம் என்று காரணமும் சொல்வார்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேரே போகும், வேகத்தைக் குறைத்தால் பிடித்துவிடலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், எழுபத்து மூன்று வயது அப்பா அதைச் சமாளிக்கப் போவதில்லை.

வால்வையும் சேர்த்து மாற்றச் சொன்னேன், பழைய ரப்பர் வால்வைக் கையால் வளைத்தபோதே அடியில் பிளந்தது. பேலன்சிங்குக்கு மெஷினில் சுற்றவிட்டு வெயிட் வைத்தார்கள், ஒழுங்கான வேலை. அலைன்மென்ட் நானூற்றுச் சொச்சம், புது டயருக்கு அது அவசியம், கொடுத்தேன். அப்புறம் நைட்ரஜன். சாதாரணக் காற்றிலேயே எழுபத்தெட்டு சதவீதம் நைட்ரஜன்தான் என்று சொன்னால் பையன் சிரிக்கிறார், அவருக்கும் தெரியும். வேண்டாம் என்றேன். இங்கிலாந்தில் பல பெட்ரோல் பங்குகளில் காற்றுக்கே நாணயம் போட வேண்டும், நம்மூர்ப் பங்கில் சும்மா அடித்துத் தருகிறார்கள், பையன் கையில் பத்து ரூபாய் கொடுத்தால் சந்தோஷம். ஒரே தொல்லை, எந்த வண்டி வந்தாலும் கேட்காமல் காற்றழுத்தத்தை முப்பத்தைந்து வைத்துவிடுவார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டகத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் எவ்வளவு என்று இருக்கிறது, அதை ஒரு சீட்டில் எழுதி அப்பாவின் கிளவ் பாக்ஸில் வைத்துவிட்டேன். டயரின் மேல் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கக் கூடாது.

பழைய டயர் விஷயத்தில்தான் கடையில் சண்டை வரப் பார்த்தது. இங்கிலாந்தில் பழைய டயரைத் தூக்கிப் போட நம்மிடம் காசு வாங்குவார்கள். இங்கே ஒரு டயருக்கு இவ்வளவு என்று பில்லில் கழித்துக் கொடுக்கிறார்கள், காரணம் பட்டன் இருக்கிற டயர் மறுபடி யாருக்கோ விற்கும். மொட்டை டயரிலேயே பள்ளம் வெட்டி விற்கிறவர்கள் இருக்கும்போது இது அவர்களுக்குத் தங்கம். 2022 முதல் பழைய டயரை மறுசுழற்சிக்குக் கொண்டுபோகும் பொறுப்பை அரசு கம்பெனிகள் தலையில் வைத்திருக்கிறது, ஆனால் கடை வாசலிலிருந்து அது எந்த வழியில் போகிறது என்று நாம் பார்க்கப் போவதில்லை. நான் பக்கவாட்டில் பெரிய வெட்டாகப் போட்டுக் கொடுங்கள் என்றேன். அப்படியானால் கழிவு கிடையாது சார் என்றார் மேலாளர். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், எண்ணூறு ரூபாயை வெட்டுகிறான் பாவி என்று எழுதியிருந்தது. வெட்டித்தான் கொடுத்தார்கள். இந்த வெடிப்பு டயரை மாட்டிக்கொண்டு வேறு யாராவது குடும்பத்தோடு திருச்செந்தூர் போகட்டும் என்று விட எனக்கு மனசு வரவில்லை.

மிச்சம் இருப்பது ஸ்டெப்னி. வண்டி வாங்கினபோது வந்தது, தரையில் படவே இல்லை, மேலே இருக்கும் ரப்பர் மயிர் கூட உதிரவில்லை. தேதி பார்த்தால் 2012. அப்பா இதற்கு மட்டும் அசையவே இல்லை, புது டயரைத் தூக்கிப்போடுகிற வீடு உருப்படாது என்றுவிட்டார். ஊருக்குள் பஞ்சரானால் பஞ்சர் கடை வரைக்கும் போக மட்டும், அதுவும் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று பேச்சு. நான் கிளம்புகிற அன்று ஐந்தாவது டயருக்கான பணத்தை அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், சித்திரைக்குள் மாற்றுவதாக அம்மா சொல்லியிருக்கிறாள்.