வேர்டு கோப்புகளுக்கு வெர்ஷன் கண்ட்ரோல் விற்க வந்தால், கொஞ்சம் நில்லுங்கள்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் தர ஆவணங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஏற்றுமதி என்றாலே காகிதம்தான். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் சார் பார்த்தது’ என்று ஒரே வேர்டு கோப்பு ஏழு பெயரில் கிடக்கும்.

இதைச் சரிசெய்வதாக, வெர்ஷன் கண்ட்ரோல், அதாவது ஒரு கோப்பில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிப்பு பதிப்பாகச் சேர்த்துவைக்கும் மென்பொருள் விற்கும் ஒருவர் வந்தார். லேப்டாப்பில் டெமோ காட்டினார்: சேர்த்த வரி பச்சை, நீக்கிய வரி சிவப்பு. அசந்துவிட்டோம். அவர் திறந்தது நோட்பேடில் அடித்த வெறும் டெக்ஸ்ட் கோப்பு என்பது அப்போது உறைக்கவில்லை. 5 பேருக்கு லைசென்ஸ், 28,000 ரூபாய்.

சீசன் தொடங்கியது. பெங்களூரா மாம்பழக் கூழுக்கான செயல்முறைக் கோப்பில் லேப் அக்கா பிரிக்ஸ் (இனிப்பு) அளவைத் திருத்தி ஏற்றியிருக்கிறார். அதே கோப்பில் நான் பழம் கழுவும் பகுதியைத் திருத்தி ஏற்றப் போனால், ‘கான்ஃப்ளிக்ட்’ என்று, இரண்டு திருத்தமும் மோதுவதாகச் சொல்லி நின்றது. விற்றவருக்குப் போன் போட்டேன். “மைன்னு (‘என்னுடையது’) ஒண்ணு இருக்கும் சார், அதைக் குடுங்க, சரியாயிடும்” என்றார். கொடுத்தேன். சரியாகிவிட்டது, அக்காவின் திருத்தம் மொத்தமும் காணாமல் போய். பத்து நாள் கழித்து, சுவரில் ஒட்டிய பிரிண்டில் பழைய எண்ணை அக்காவே பார்த்தார். அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஓசூரில் ஐடி வேலை பார்க்கும் தம்பி ஒருவன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். “அண்ணா, இது கிட் (Git).” லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வேலைக்காக எழுதியது, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அருமையான மென்பொருள்தான், ஆனால் புரோகிராம் எழுதுபவர்களுக்கு. எங்கள் கோப்பின் வாலில் இருந்த ‘டாக்எக்ஸ்’ஐ (.docx) ‘ஜிப்’ (.zip) என்று மாற்றித் திறந்தான். உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் மூட்டையாக இருந்தன. வரிவரியாக ஒப்பிட்டுச் சேர்க்கிற கிட்டுக்கு இந்த மூட்டையைப் பிரிக்கத் தெரியாது. இரண்டில் ஒன்றை எடு என்றுதான் கேட்கும்.

நல்லவேளை, அக்காவின் பதிப்பு வரலாற்றில் பத்திரமாக இருந்தது. வேர்டிலேயே ரிவ்யூ, கம்பேர், அதற்குள் கம்பைன் என்று போய் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தான். பத்தே நிமிஷம். அந்த வசதி இத்தனை நாளும் எங்கள் கம்ப்யூட்டரிலேயேதான் இருந்திருக்கிறது!

இப்போது சப்வெர்ஷன் என்ற இன்னொரு வெர்ஷன் கண்ட்ரோல் மென்பொருளைப் போட்டிருக்கிறோம். அதுவும் இலவசம்தான். கோப்புக்குப் பூட்டு கட்டாயம் என்று வைத்துவிட்டால், ஒருவர் பூட்டி எடுக்கும்வரை எல்லோருக்கும் படிக்க மட்டும்தான். சப்வெர்ஷனை விண்டோஸில் மவுஸாலேயே இயக்க உதவும் டார்டாய்ஸ் எஸ்விஎன்னில் வித்தியாசம் கேட்டால் வேர்டையே திறந்து காட்டுகிறது. பூட்டை விடுவிக்க மறந்து வீட்டுக்குப் போகிறவர்களைத் திட்ட வேண்டியிருக்கிறது, அது வேறு கதை.

யாராவது விற்க வந்தால் உங்கள் சொந்த வேர்டு கோப்பைக் கொடுங்கள், அட்டவணை உள்ளதாகப் பார்த்து. இரண்டு பேர் இரண்டு இடத்தில் திருத்தி, உங்கள் கண்முன் ஏற்றிச் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டால், அது இன்ஸ்டால் செய்த கூலி என்கிறார். கூலி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் பேரம் பேசிக் கொடுத்திருப்போம். பில்லில் ‘சாஃப்ட்வேர் லைசென்ஸ் - 5’ என்றுதான் இருக்கிறது. அடுத்த வருஷ ஏஎம்சிக்கு (பராமரிப்புக் கட்டணம்) 6,000 ரூபாய் கேட்டு நேற்று மெசேஜ் வேறு.