லைசென்ஷியேட் முதல் ஃபெல்லோ வரை: இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் தேர்வுகள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

வேலையில் இருந்தபடியே காப்பீட்டுத் துறையை அடிப்படையிலிருந்து கற்க, மும்பையில் 1955 முதல் இயங்கும் இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியாவின் தேர்வுகள் நல்ல வழி. இதில் மூன்று படிகள். தாள்களில் தேறத் தேறச் சேரும் புள்ளிதான் கிரெடிட்: முதல் படியான லைசென்ஷியேட்டுக்கு 60 கிரெடிட், அசோசியேட்டுக்கு 250, ஃபெல்லோவுக்கு 490. ஒவ்வொரு தாளுக்கும் 100 மதிப்பெண். 60 எடுத்தால் தேர்ச்சி.

பலர் சறுக்குவது தாள் தேர்வில்தான். எது சுலபம் என்று விசாரித்து, கிரெடிட்டை மட்டும் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். பட்டம் வந்துவிடும், ஆனால் மேசைக்கு வரும் ஃபைலைப் பிரிக்கத் தெரியாது. தீ காப்பீட்டுப் பிரிவில் இருப்பவர் ஐசி-57 தாளையும், மோட்டார் கிளெய்ம் (வாகன இழப்பீட்டுக் கோரிக்கை) பார்ப்பவர் ஐசி-72 தாளையும் தள்ளிப்போடவே கூடாது.

ஐசி-57 தாளில் வரும் ஆவரேஜ் விதி, அதாவது மதிப்பைவிடக் குறைவாகக் காப்பீடு செய்தால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் விதி, ஒன்றே போதும், இந்தப் படிப்பின் அருமை புரிய. கிடங்கில் இருக்கும் சரக்கின் மதிப்பு 1 கோடி. பாலிசி எடுத்ததோ 60 லட்சத்துக்கு. 10 லட்சம் ரூபாய் சரக்கு எரிந்தால் கைக்கு வருவது 6 லட்சம்தான், அதிலும் எக்ஸஸ் (பாலிசிதாரர் தானே ஏற்க வேண்டிய தொகை) கழியும். 10 லட்சமும் கிடைக்கும் என்று நம்பியிருந்த வியாபாரியிடம் இதை விளக்கத் தெரிய வேண்டும். பாலிசி போடும் அன்றே எச்சரித்திருந்தால் இன்னும் நல்லது.

குறை என்றால், பாடநூலை மட்டும் நம்ப முடியாது. 2021 ஏப்ரல் 1 முதல் ஒரே இடத்தில் உள்ள சொத்துகளின் மதிப்பு 5 கோடி வரையிலான சிறு தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற தீ காப்பீட்டு பாலிசி வந்துவிட்டது. அதில் நிலநடுக்கம் உள்ளடங்கியே வருகிறது. 15 சதவீதம் வரை குறைவாகக் காப்பீடு செய்திருந்தால் ஆவரேஜ் பிடித்தமும் இல்லை. அதற்கு முந்தைய பதிப்பைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் படித்தவருக்கு இது தெரியாமலே போகும். பதிப்பு ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். அசல் பாலிசி வாசகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டுப் படியுங்கள்.

அசோசியேட், ஃபெல்லோ தகுதிகள், இழப்பை மதிப்பிடும் சர்வேயருக்கான உரிமத்துக்கு ஏற்கப்படும் கல்வித் தகுதிகளில் சேரும். பயிற்சிக் காலம் தனி. அண்டர்ரைட்டிங்கில் (எந்த ரிஸ்க்கை என்ன விலையில் ஏற்பது என்று முடிவு செய்யும் வேலை) இருந்து ரிஸ்க் மேனேஜ்மென்ட் பக்கம் நகர விரும்புபவர் ஃபெல்லோ கட்டத்தில் ஐசி-86 தாளை எழுதியே ஆக வேண்டும். எந்த இழப்பைத் தானே தாங்குவது, எதைக் காப்பீட்டுக்கு மாற்றுவது, எதை முன்கூட்டியே தடுப்பது என்று யோசிக்க அது பழக்கும். அதோடு ஐசி-85 மறுகாப்பீட்டையும் (காப்பீட்டு நிறுவனம் தன் ரிஸ்க்கை இன்னொரு நிறுவனத்திடம் காப்பீடு செய்வது) எழுதிவிட்டால், பெரிய ரிஸ்க்கின் விலை எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கும்.

ஆனால் களஆய்வை எந்தத் தாளும் கற்றுத்தராது. நூற்பாலையில் பஞ்சோடு கலந்து வரும் சின்ன இரும்புத் துண்டு ப்ளோ ரூம் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் பகுதி) இயந்திரத்தில் உரசினால் தீப்பொறி கிளம்பும். குழாய் வழியே நெருப்பு அடுத்த இயந்திரத்துக்கு ஓடிவிடும். இரும்பைப் பிடிக்கும் காந்தம் கடைசியாக எப்போது துடைக்கப்பட்டது, தீப்பொறி பட்ட பஞ்சைத் திசைதிருப்பும் ஸ்பார்க் டைவர்ட்டர் இயங்குகிறதா, தீயணைப்பு டீசல் பம்ப் ஒரே முயற்சியில் கிளம்புகிறதா என்று நேரில் நின்று பார்க்க வேண்டும். லைசென்ஷியேட் முடித்ததுமே சர்வேயர்களோடு, ரிஸ்க் இன்ஜினியர்களோடு ஆலைக்குப் போக மேலதிகாரியிடம் அனுமதி கேளுங்கள். பார்த்துவிட்டு வந்து ஐசி-57 தாளைப் படித்தால் பாதி பாடம் தானாகவே மனதில் நிற்கும்.