பியோனி பாப்பி விதை: பாக்கெட்டும் பாத்தியும்

இங்கிலாந்தில் தோட்டப் பொருட்கள் விற்கும் கடைகளின் விதை அடுக்கில் பியோனி என்ற அடுக்கு இதழ்ப் பூவின் சாயலில் பூக்கும் பியோனி பாப்பியின் பாக்கெட் ஒன்றாவது கண்ணில் படும். ஆழ்ந்த கருஞ்சிவப்பில் ‘பிளாக் பியோனி’, வெளிர் ஊதாவில் ‘லைலக் பாம்பாம்’, பாலேட்டு வெண்மையில் ரோஜாச் சிவப்புக் கீற்றுகள் ஓடும் ‘ஃப்ளெமிஷ் ஆன்டீக்’ என்று வகைகள் பல உண்டு. லண்டனின் தென்பகுதியில் களிமண் நிறைந்த எங்கள் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் நான் வளர்த்தது பிளாக் பியோனி. பாக்கெட்டின் விலை மூன்று பவுண்டுக்கும் குறைவு. விதை மிக நல்ல விதை. ஆனால் பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வளர்ப்புக் குறிப்புகள் அந்த விதையின் தரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. அதை மட்டும் நம்பி விதைப்பவர்கள் மெலிந்த செடியில் ஒற்றைப் பூவைப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று விட்டுவிடக்கூடும் என்ற கவலையில்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். இது நாம் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசாவைத் தரும் அதே செடியினம். பாப்பாவர் சோம்னிஃபெரம் என்பது அதன் தாவரவியல் பெயர். பிரிட்டனில் அலங்காரச் செடியாக இதை வீட்டில் வளர்ப்பதற்குத் தடை இல்லை. அதிலிருந்து போதைப்பொருள் எடுப்பதுதான் குற்றம். இந்தியாவில் நிலைமை அப்படி அன்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் இச்செடியை வளர்ப்பதே குற்றம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு அறிவித்த பகுதிகளில், உரிமம் பெற்ற விவசாயிகள் மட்டுமே பயிரிடுகிறார்கள். ஆகவே, ஊருக்குப் போகும்போது அம்மாவின் தோட்டத்துக்கு என்று இந்தப் பாக்கெட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு யாரும் போய்விட வேண்டாம். அலங்காரப் பூதானே என்ற வாதம் அங்கே எடுபடாது.

ஊரில் பாப்பி வளர்க்க ஆசைப்படுபவர்களுக்குத் தடையில்லாத வேறோர் இனம் இருக்கிறது. ஷெர்லி பாப்பி என்று விற்பது பாப்பாவர் ரியாஸ் என்ற வயல்வெளிப் பாப்பியின் வழி வந்தது. லண்டனுக்குத் தெற்கே ஷெர்லி என்ற ஊரின் பாதிரியாராக இருந்த வில்லியம் வில்க்ஸ், 1880ஆம் ஆண்டில் தம் தோட்டத்து ஓரத்தில் வெள்ளை விளிம்பு கொண்ட ஒரே ஒரு சிவப்புப் பூவைக் கண்டு, அதன் விதையை எடுத்து ஆண்டுதோறும் தேர்ந்து தேர்ந்து உருவாக்கியது அது. வட இந்தியச் சமவெளிகளில் அக்டோபரில் விதைத்துக் குளிர்காலப் பூவாக வளர்க்கிறார்கள். அதிலும் அடுக்கு இதழ் வகைகள் கிடைக்கும். பியோனி பாப்பியின் கம்பீரம் அதற்கு இல்லை என்றாலும் நிறங்களின் மென்மையில் அது ஒரு படி மேல் என்பது என் எண்ணம்.

இனி பாக்கெட்டுக்கு வருகிறேன். உள்ளே ஈரம் புகாத மெல்லிய தாள் உறை; அதனுள் சாம்பல் நிறத்தில் பொடிபோல் விதை. ஒரு கிராமில் ஏறத்தாழ இரண்டாயிரம் முதல் மூவாயிரம் விதைகள் இருக்கும் என்பதால், பாக்கெட் காலியாக இருப்பதுபோல் தோன்றினாலும் ஒரு சிறிய வீட்டுத் தோட்டத்துக்கு அது தேவைக்கு மேல். முளைப்புத் திறனில் குறை சொல்ல எதுவும் இல்லை. குளிர்ந்த மண்ணில் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பச்சைப் பாசி படர்ந்ததுபோல் முளைத்து எழுந்தது. ஒரே அளவான விதை, குப்பை இல்லை, களை விதை இல்லை. இந்த விலைக்கு இந்தத் தரம் பாராட்டத்தக்கது.

குறிப்புகளுக்கு அந்தப் பாராட்டைத் தர முடியவில்லை. ‘மார்ச் முதல் மே வரை விதைக்கலாம், தட்டுகளில் விதைத்துப் பின் நடலாம்’ என்று அதில் இருக்கிறது. மே மாதம் மிகவும் தாமதம். இது குளிரில் முளைத்து, குளிரில் வேர் பிடித்து, நாள் நீளும்போது பூக்கும் செடி. வெயில் ஏறிய பிறகு விதைத்தால் உடலை வளர்க்க அதற்குக் காலம் போதாது, முழங்கால் உயரத்திலேயே அவசர அவசரமாகப் பூத்து முடித்துவிடும். தென் இங்கிலாந்தில் செப்டம்பர்தான் இதற்கு உகந்த காலம். அப்போது விதைத்தால் இலையுதிர்காலக் கடைசிக்குள் உள்ளங்கை அளவு இலைக்கொத்தாகத் தரையோடு படிந்து, உறைபனியைத் தாங்கி நின்று, ஏப்ரல் பிறந்ததும் விறுவிறுவென எழுகிறது. என் தோட்டத்தில் ஒரே பாக்கெட்டின் விதையைச் செப்டம்பரிலும் மார்ச்சிலும் அடுத்தடுத்த பாத்திகளில் தூவியதில், செப்டம்பர் செடிகள் இடுப்புக்கு மேல் வளர்ந்து பக்கக் கிளைகளோடு ஜூன் தொடக்கத்தில் பூத்தன. மார்ச் செடிகள் அதில் பாதி உயரத்தில் ஜூலையில் பூத்தன. பூவின் அளவிலும் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. செப்டம்பர் விதைப்பைப் பற்றிப் பாக்கெட்டில் ஒரு சொல்கூட இல்லை.

தட்டுகளில் விதைக்கச் சொல்லும் ஆலோசனை அதைவிட மோசம். இச்செடிக்கு முளைத்த சில நாட்களிலேயே ஆணிவேர் இறங்கத் தொடங்கிவிடுகிறது. நெல் நாற்றைப்போல் பிடுங்கி நட்டால் தழைக்கும் இனம் இது அன்று; வேர் நுனி ஒருமுறை முறிந்தால் செடி மீண்டு வருவது அரிது. பாக்கெட் சொன்னபடி தட்டில் வளர்த்து மாற்றி நட்டவை எல்லாம் குன்றிப்போயின, சில வாடியே போயின. நிற்கப்போகும் இடத்திலேயே நேரடியாகத் தூவுவதுதான் சரி. மண்ணைக் கொத்திக் கட்டி உடைத்து, களையெடுத்து, சீப்புக் கட்டையால் மேற்பரப்பைச் சமன்செய்த பிறகு, ஒரு சிட்டிகை விதையை ஒரு கிண்ணம் உலர்ந்த மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாமல் விழும். விழுந்த இடமும் மணலின் வெளிர் நிறத்தால் தெரியும். மேலே மண் போட்டு மூடக் கூடாது. முளைக்க வெளிச்சம் வேண்டும். பலகையால் மெல்ல அழுத்தி, பூவாளியில் நுண்துளை முனையைப் பொருத்தி ஈரமாக்கினால் போதும். தொழு உரம் அள்ளிப் போடுவதும் நல்லதன்று. தழைச்சத்து மிகுந்தால் தண்டு கொழுத்து மழையில் சாய்ந்துவிடும்.

பாக்கெட் சொல்லத் தவறிய இன்னொன்று பயிர் கலைத்தல். இதைச் செய்யாதவர்களுக்கு இந்தச் செடியின் உண்மையான அழகு கிடைக்கவே கிடைக்காது என்று உறுதியாகச் சொல்வேன். முளைத்தவற்றில் பத்தில் ஒன்பதை எடுத்துவிட வேண்டியிருக்கும். நம்மவர்களுக்கு, முக்கியமாக ஊரில் தோட்டம் போட்டுப் பழகிய பெரியவர்களுக்கு, உயிரோடு நிற்கும் நாற்றைப் பிடுங்கி எறிய மனம் வராது. எங்கள் வீட்டிலும் அத்தை, ‘அது பாட்டுக்கு இருக்கட்டுமே’ என்று ஒரு மூலையைத் தொடவிடாமல் காத்துவந்தார். அந்த மூலையில் நெருக்கிக்கொண்டு நின்றவை ஒவ்வொன்றும் நூல்போன்ற தண்டில் ஒரே ஒரு சிறு பூவைத் தந்து ஓய்ந்தன. ஓர் அடிக்கு ஒன்றாக விட்ட இடத்தில் ஒரு செடியே பல கிளைகள் விட்டு, உள்ளங்கை நிறையப் பூக்களாகத் தந்தது. இரண்டு இலைப் பருவத்தில் ஒருமுறையும், விரல் நீளம் வந்ததும் மறுமுறையும் கலைப்பது எளிது. பிடுங்கும்போது பக்கத்துச் செடியின் வேர் அசையும் என்பதால் கத்தரிக்கோலால் தரையோடு வெட்டிவிடுவது நலம். குளிர்காலம் முழுவதும் ஓடில்லா நத்தைகள் தம் பங்குக்குச் சிலவற்றைத் தின்றுவிடும். ஆகவே செப்டம்பரில் விதைத்தவர்கள் கடைசிக் கலைப்பை மார்ச் வரை தள்ளிவைப்பது புத்திசாலித்தனம்.

பூவைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. நீலமும் சாம்பலும் கலந்த மெழுகு பூசிய இலைகள் தண்டைத் தழுவி நிற்கும். அவற்றுக்கு மேலே மொட்டு தலைகவிழ்ந்து தொங்கும். மலர்வதற்கு முன் தண்டு நிமிர்ந்து மொட்டை மேல்நோக்கி உயர்த்துகிறது. அதிகாலையில் போய் நின்றால், மொட்டை மூடியிருக்கும் இரண்டு பச்சைப் புல்லிகளும் அடியில் பிளந்து, இதழ்கள் உள்ளிருந்து தள்ள, ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று இலைமேல் விழுவதைப் பார்க்கலாம். வெளிவரும் இதழ்கள் உதறாமல் காயப்போட்ட வேட்டிபோல் கசங்கியிருக்கின்றன. வெயில் ஏற ஏறச் சுருக்கம் நீங்கி விரிகின்றன. அடுக்கடுக்காக நெருங்கிய இதழ்களின் நடுவே வெளிர்பச்சைச் சூல்பை பாதி மறைந்து தெரியும். மகரந்தத்தாள்கள் பலவும் இதழ்களாக மாறிவிட்டதால்தான் இந்த அடர்த்தி. வேராக வாங்கி நடும் உண்மையான பியோனிச் செடியை விதையிலிருந்து வளர்த்தால் பூவைக் காண நான்கைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தாவரவியலில் இரண்டுக்கும் உறவும் கிடையாது. அந்தச் சாயலை ஒரே ஆண்டில், இவ்வளவு சொற்பச் செலவில் தருவதே இந்த விதையின் பெரிய சிறப்பு.

ஆனால் நிறம் பாக்கெட்டின் படத்தில் உள்ளதுபோல் கருப்பு அன்று. மேகமூட்டமான நாளில் கத்தரிக்காய்த் தோலின் அடர்த்தி தெரியும். மாலை வெயில் பின்னாலிருந்து விழுந்தால் நல்ல கருஞ்சிவப்பு. எனக்கு அந்த உண்மை நிறம்தான் படத்தைவிடப் பிடித்திருக்கிறது என்றாலும், கருப்புப் பூ என்று நம்பி வாங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அச்சில் இவ்வளவு இருட்டாக்கியிருக்கத் தேவையில்லை. சில செடிகள் ஒற்றை வரிசை இதழோடும் பூத்தன; விதைவழி வரும் பூச்செடிகளில் இது இயல்பு. தேனீக்கள் அந்த ஒற்றை இதழ்ப் பூக்களைத்தான் முதலில் தேடி வந்தன. பாப்பியில் தேன் சுரப்பதில்லை, மகரந்தம் மட்டுமே உண்டு. அடுக்கு இதழ்களுக்குள் அதை எட்டுவது அவற்றுக்குச் சிரமம். தேனீக்களுக்காகவே தோட்டம் வைப்பவர்கள் ஒற்றை இதழ் வகையை வாங்குவதே நல்லது.

ஒரு பூ நிற்பது இரண்டு மூன்று நாட்கள்தான். பக்கக் கிளைகள் அடுத்தடுத்து மலர்வதால் ஒரு பாத்தி மூன்று வாரங்கள்வரை நிறைந்திருக்கும். ஜூன் மாதத்துப் பெருமழை இதற்குப் பகை. அடுக்கு இதழ்கள் நீரைத் தாங்கிக்கொண்டு கனத்துத் தலைசாய்ந்துவிடுகின்றன. மே மாதத்திலேயே கிளைத்த குச்சிகளைச் செடிகளுக்கு இடையில் ஊன்றிவிட்டால் சாயாமல் தாங்கும். மொட்டுக் காம்புகளில் கறுப்பு அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சியே கழுவிவிடலாம். இலையின் மேல் மஞ்சள் திட்டும் அடியில் சாம்பல் பூஞ்சணமும் தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். அந்தச் செடியை உடனே அகற்ற வேண்டும். காற்றோட்டமாகக் கலைத்த பாத்தியில் அது அதிகம் தலைகாட்டவில்லை. சாடியில் வைக்க விரும்பினால் மொட்டில் நிறம் எட்டிப்பார்க்கும் நேரத்தில் வெட்டி, காம்பு நுனியைக் கொதிநீரில் அரை நிமிடம் வைத்தெடுக்க வேண்டும். அப்படிச் செய்தும் நீண்ட நாள் நிற்பதில்லை. செடியின் பச்சைப் பாகங்கள் எல்லாமே நஞ்சு என்பதால் சிறு குழந்தைகளும் நாயும் ஓடியாடும் தோட்டத்தில் எட்டாத பாத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாக்கெட்டில் இந்த எச்சரிக்கை மிகச் சிறிய எழுத்தில், மடிப்புக்குள் மறைந்து கிடக்கிறது. முன்பக்கத்தில் இருக்க வேண்டியது அது. தோட்டத்துக்கு விற்கும் விதையைச் சமையலுக்கு எடுப்பதும் கூடாது. கசகசாவை உணவுக்கென்று விற்கும் கடையிலேயே வாங்குங்கள்.

இதழ் உதிர்ந்ததும் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். மேலே கிரீடம் வைத்த காய்கள் உருண்டு திரண்டு, ஆகஸ்டில் வைக்கோல் நிறத்துக்கு மாறும். ஆட்டினால் உள்ளே விதை சலசலக்கும். கிரீடத்துக்குக் கீழே சுற்றிலும் சிறு துளைகள் திறந்திருக்கும், அதன் வழியே காற்றில் விதை தானே சிதறி, அடுத்த செப்டம்பரில் கேட்காமலே முளைக்கும். அதனால் அதே வகைக்கு இரண்டாவது பாக்கெட் வாங்கத் தேவையிருக்காது. வேறு நிறப் பாப்பி பக்கத்தில் இருந்தால் கலப்பு ஏற்பட்டு நிறம் வெளிறும் என்பதால், நல்ல அடர்நிறப் பூ பூத்த செடியில் மட்டும் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்து, அதன் காய்களைத் தனியே காகித உறையில் கவிழ்த்துச் சேர்ப்பது என் வழக்கம். மற்றக் காய்களை விதை சிதறுவதற்கு முன்பே வெட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவற்றின் விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக்கிடந்து, கொத்தும்போதெல்லாம் முளைத்து வரும்.