டிடிஐ எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்கிறீர்களா? ஹெட் கேஸ்கெட்டில் எத்தனை ஓட்டை என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்

பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ (டர்போ டீசல்) கார் வைத்துக்கொண்டு, சென்னையில் எங்காவது எஞ்சின் வேலைக்கு விடலாம் என்று யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள். என் வண்டியைக் கெடுத்த ஷெட்டின் பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன், அதற்குள் பெயரை இழுத்து எனக்கே வில்லங்கம் தேடிக்கொள்ள வேண்டாம்.

வண்டி 2006 மாடல். டெல்லியாக இருந்தால் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்ற கணக்கில் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும். இங்கே நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கூலன்ட் குறைய ஆரம்பித்தது. வெளியே எங்கும் ஒழுகல் கிடையாது. ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில் காலையில் மூடியைத் திருகினாலும் புஸ்ஸென்று காற்று வரும், ஸ்டார்ட் செய்தால் டேங்கில் குமிழி. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் தகடு) போய்விட்டது என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள்.

நான் விட்டது மரத்தடி மெக்கானிக்கிடம் இல்லை. லிஃப்ட், ஸ்கேனர், வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பும் சூப்பர்வைசர் எல்லாம் உள்ள இடம். ஹெட்டைக் கழற்றியதும் போன் வந்தது. "ஹீட் ஆகியிருக்கு சார், ரிங்கும் தேஞ்சிருக்கு, பிஸ்டன் மாத்திடலாம். பிளாக்கும் ஹெட்டும் லேத்துல கொடுத்து ஃபேஸிங் போட்டுடுறோம்." ஃபேஸிங் என்றால் பரப்பை இழைத்து மட்டமாக்குவது. ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல் பில். சரி, இன்னொரு பத்து வருஷம் ஓடும் என்று கட்டினேன்.

வண்டியை எடுத்த அன்றே சத்தம். டீசல் சத்தம் எனக்குப் பழக்கம், இது வேறு. 2,500 ஆர்.பி.எம்.-ஐத் தாண்டினால் உள்ளே யாரோ சுத்தியல் வைத்துத் தட்டுகிற மாதிரி டக்டக்கென்று கேட்கும். திருப்பிக் கொண்டுபோனால், "இன்ஜெக்டர் நாக்கிங் சார், புது பிஸ்டன் செட் ஆகணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க" என்றார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடவில்லை. அதற்கு முன்பே கம்ப்ரஷன் போய், வண்டி தாம்பரம் பக்கம் படுத்துவிட்டது.

டோ செய்து வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். டிடிஐ வண்டிகளையே பார்ப்பவர். அவர் ஹெட்டைத் தூக்கும் முன்பே டார்ச்சும் குட்டிக் கண்ணாடியும் வைத்து எஞ்சின் ஓரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ஓட்டைதான் இருக்கு, யாரு சார் போட்டாங்க?" என்றார். எனக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

இந்த எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் மட்டத்தோடு நிற்காது. கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் மேலே எட்டிப் பார்க்கும். ஹெட்டின் அடிப்பக்கமோ தட்டை. அந்த ஒரு மில்லிமீட்டருக்கு இடம் விடுவது கேஸ்கெட்டின் தடிப்பு மட்டும்தான். அதனால்தான் கம்பெனியே ஒரே எஞ்சினுக்கு மூன்று தடிப்பில் கேஸ்கெட் கொடுக்கிறது. பிஸ்டன் 0.91 முதல் 1.00 மி.மீ. வரை நீட்டினால் ஒரு ஓட்டை போட்டது, 1.01 முதல் 1.10 வரை இரண்டு, 1.11 முதல் 1.20 வரை மூன்று. ஓட்டை கூடக் கூடத் தடிப்பு கூடும். தடிப்புக்கு அடையாளமாக ஓரத்தில் அந்த ஓட்டைகள் குத்தியிருக்கும். பழைய பிஸ்டன், கை வைக்காத பிளாக் என்றால் பழைய கேஸ்கெட்டில் எத்தனையோ அத்தனையே வாங்கிக்கொள்ளலாம். பிஸ்டன் மாற்றினாலோ பிளாக்கில் ஃபேஸிங் போட்டாலோ கட்டாயம் அளக்க வேண்டும். டயல் கேஜை (முள் வைத்து நுண்ணளவு காட்டும் கருவி) பிளாக் மேல் நிறுத்தி, ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, நாலையும் அளந்து, எது அதிகமோ அதற்கு ஏற்ற கேஸ்கெட். அரை மணி நேர வேலை.

என் வண்டியில் இரண்டும் நடந்திருக்கிறது, அளவு மட்டும் எடுக்கவில்லை. அந்த இரண்டாவது மெக்கானிக் அண்ணன் அளந்தபோது அதிகபட்சம் 1.17. மூன்று ஓட்டை போட வேண்டிய இடத்தில் இருப்பதிலேயே மெல்லிசான கேஸ்கெட். வேடிக்கை என்னவென்றால், அந்த சூப்பர்வைசர் எனக்கு அனுப்பிய போட்டோவிலேயே பழைய கேஸ்கெட் தரையில் கிடக்கிறது, பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு ஓட்டை பளிச்சென்று தெரிகிறது. பழசைப் பார்த்து வாங்கும் அளவுக்குக்கூட யாருக்கும் பொறுமையில்லை.

ஹெட் கதை இதைவிட மோசம். டிடிஐ ஹெட்டில் ஃபேஸிங் போடவே கூடாது என்பது கம்பெனி மேனுவலில் உள்ளது. 0.1 மி.மீ.-க்கு மேல் வளைந்திருந்தால் ஹெட்டை மாற்ற வேண்டும், இழைக்கக் கூடாது. இழைத்தால் வால்வு அந்த அளவுக்குக் கீழே இறங்கி பிஸ்டனுக்கு நெருக்கமாக வந்துவிடும். மேலே இருந்து வால்வு இறங்க, கீழே இருந்து பிஸ்டன் ஏற, நடுவில் மெல்லிசு கேஸ்கெட். நாலு பிஸ்டன் தலையிலும் கரி படிந்த கறுப்புக்கு நடுவே வால்வு வட்டத்தின் ஓரம் மட்டும் பிறை மாதிரி வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. இரண்டு வால்வு வளைந்துவிட்டன.

ஹெட் போல்ட்டும் பழசுதான். புது போல்ட் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார், பழசு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நீண்டிருந்தது. 40 நியூட்டன் மீட்டர், பிறகு 60, அதன் பிறகு இரண்டு தடவை 90 டிகிரி திருப்பு என்று இறுக்கும்போது இந்த போல்ட் இழுபட்டே பிடிக்கும். ஒரு தடவை கழற்றினால் குப்பைக்குத்தான். பில்லை எடுத்துப் பார்த்தால் போல்ட் என்று ஒரு வரிகூட இல்லை. கேஸ்கெட்டுக்கு "ஹெட் பேக்கிங் 1" என்று எழுதியிருக்கிறார்கள், பார்ட் நம்பர் கிடையாது. உங்கள் பில்லில் இந்த இரண்டையும் முதலில் தேடுங்கள்.

பழைய ஷெட்டுக்கே போய்க் கேட்டேன். முதலாளி சொன்ன பதில்: "ஆக்டேவியா டீசல்னு சொல்லித்தான் கடையில வாங்குனோம், அவன் கொடுத்ததை மாட்டுனோம். ஹெட் பேக்கிங்ல ஏது சார் சைஸ்?" பிளாக்கையும் ஹெட்டையும் இழைக்கத் தெரிந்தவருக்கு இது தெரியாதாம். தெரியாமல் செய்தாரா, கேஸ்கெட்டுக்குக் காத்திருக்கச் சோம்பல்பட்டாரா என்பது இனி எனக்கு முக்கியமில்லை. "கடைக்காரன் தந்தான்" என்று கை காட்டியதுதான் எரிச்சல்.

புதுப்பேட்டையில் இழைக்காத ஹெட் ஒன்று கிடைத்தது, பிரஷர் டெஸ்ட் செய்து வாங்கினோம். புது பிஸ்டன், புது போல்ட், மறுபடி அளந்து மூன்று ஓட்டை கேஸ்கெட். அது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஸ்டாக் இல்லாமல் ஆர்டர் போட்டு வந்தது. "அவசரம்னு சொல்லி ரெண்டு ஓட்டையை மாட்டிடாதீங்கண்ணே" என்று நானே சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, பயந்துபோய் தேவைக்கு மேல் தடியாகப் போட்டாலும் கம்ப்ரஷன் குறைந்து காலையில் ஸ்டார்ட் ஆகாமல் வெள்ளைப் புகை கக்கும் என்றார். நாலு பிஸ்டன் அளவையும் பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்படித் தரத் தயங்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அதன் பிறகு அந்த ஷெட்டிலிருந்து லேபரை மட்டும் திருப்பித் தருகிறோம் என்று தூது வந்தது. முடியாது என்றுவிட்டேன். செலவுத் தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. வளைந்த வால்வு, பிறை விழுந்த பிஸ்டன், ஒரு ஓட்டை கேஸ்கெட் எல்லாம் சாக்கில் கட்டி வீட்டில் இருக்கிறது. உங்கள் டிடிஐயும் இப்போது ஏதாவது ஷெட்டில் பிரித்துக் கிடந்து, இதே இடமோ என்று சந்தேகம் இருந்தால் தனியாகக் கேளுங்கள், ஏரியாவைச் சொல்கிறேன்.